ஸ்பெயினில் ஓய்வு: எஸ்1 இருந்தால் போதுமா, மனைவிக்குத் தனிப் பாலிசியா?

தென்காற்று கேட்டது:
கணவருக்கு 66, பிரிட்டிஷ் ஸ்டேட் பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டது. மனைவிக்கு 61. இருவரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வேலை பார்க்க அனுமதியில்லாத நான்-லுக்ரேட்டிவ் விசாவில் வாலென்சியா பக்கம் போகத் திட்டம். மனைவிக்கு பிரஷர், தைராய்டு இரண்டுக்கும் மாத்திரை ஓடுகிறது. பிரிட்டன் தரும் ஜிஹெச்ஐசி என்ற மருத்துவ கார்டே போதும் என்கிறார் ஒருவர், எஸ்1 என்ற மருத்துவ உரிமைத் தாள் இல்லாமல் நகரவே முடியாது என்கிறார் இன்னொருவர். எதை முதலில் செய்ய வேண்டும்?

மேசைவிளக்கு:
ஜிஹெச்ஐசி சுற்றுலா, தற்காலிகத் தங்கலுக்கான கார்டு. குடியேறிய நாட்டில் அதைக் காட்டிச் சிகிச்சை பெறுவது தவறு. அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

கணவருக்கு எஸ்1தான் வழி. பென்ஷன் கொடுக்கும் நாடே மருத்துவச் செலவையும் ஏற்கிறது என்பதற்கான தாள் அது. பிரிட்டனில் அரசு மருத்துவ அமைப்பான என்ஹெச்எஸ்ஸின் பிசினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டியிடம் கேட்டு வாங்க வேண்டும். முகவரி மாற்றத்தை இன்டர்நேஷனல் பென்ஷன் சென்டருக்குத் தனியாகச் சொல்லுங்கள், இரண்டும் வேறு வேறு அலுவலகம்.

ஸ்பெயினில் இறங்கியபின் வரிசை இது: முதலில் நகராட்சியில் பத்ரோன் எனும் குடியிருப்புப் பதிவு. நுழைந்த ஒரு மாதத்துக்குள் போலீஸில் டிஐஇ எனும் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பம். பிறகு எஸ்1, பாஸ்போர்ட், டிஐஇ, பத்ரோன் சான்றிதழோடு சமூகப் பாதுகாப்பு அலுவலகமான ஐஎன்எஸ்எஸ். அங்கே தருவது உரிமைச் சான்று மட்டும்தான், பலர் இங்கேயே வேலை முடிந்தது என்று நின்றுவிடுகிறார்கள். அந்தச் சான்றை வீட்டுக்குப் பக்கத்து சுகாதார மையத்தில் கொடுத்தால்தான் டாக்டர் ஒதுக்கப்படுவார், வாலென்சியாவில் சிப் (SIP) எனும் மருத்துவ அட்டையும் வரும். மருத்துவம் அங்கே மாநில நிர்வாகத்தின் கையில். வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் புது கார்டு எடுக்க வேண்டும்.

மருந்துக்கு, வருட வருமானம் 18,000 யூரோவுக்குக் கீழிருக்கும் பென்ஷனர் விலையில் 10 சதவீதம் கொடுப்பார், மாதத்துக்கு 8.23 யூரோவைத் தாண்டாது. அதற்கு மேல் ஒரு லட்சம் வரை வருமானமென்றால் உச்சவரம்பு 18.52.

உப்புக்காற்று:
மேலே சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: எஸ்1 பதிவானபின் கணவர் புதிதாக ஜிஹெச்ஐசிக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்பெயினிலிருந்து பிரான்ஸ், இத்தாலி போய்வர அது உதவும்.

சிக்கல் மனைவி விஷயத்தில்தான். எஸ்1-இல் சார்ந்தவராக அவரைச் சேர்க்கக் கேட்கலாம், கேளுங்கள். ஆனால் யார் சார்ந்தவர் என்பதைக் குடியேறும் நாட்டின் சட்டமே முடிவு செய்கிறது. அதனால் அதை நம்பி விசாவுக்குப் போகாதீர்கள், பாலிசியும் எடுங்கள். டிராவல் இன்ஷூரன்ஸ் செல்லாது. ஸ்பெயினில் அனுமதி பெற்ற நிறுவனத்தின் முழு மருத்துவப் பாலிசி வேண்டும். சான்றிதழில் 'சின் கோபாகோ', 'சின் கரென்சியா' என்ற இரண்டு சொற்களையும் கண்ணால் பாருங்கள். முதலாவது, ஒவ்வொரு முறையும் கைக்காசு கட்டத் தேவையில்லை என்பது. இரண்டாவது, காத்திருப்புக் காலம் இல்லை என்பது. மலிவுப் பாலிசிகளில் கோபாகோ ஒளிந்திருக்கும், விசா அதிகாரி அதில்தான் பிடிப்பார்.

உடல்நலக் கேள்வித்தாளில் பிரஷரையும் தைராய்டையும் எழுதிவிடுங்கள். சில நிறுவனம் மறுக்கும், சில அந்த நோயை மட்டும் விலக்கும். மறைத்தால் பெரிய பில் வரும் நாளில் பாலிசியே கைவிடும்.

தென்காற்று:
விலக்கிவிட்டால் தைராய்டுக்கு என்ன செய்வது? 6 வருடம் ரொக்கமாகக் கட்ட வேண்டுமா?

உப்புக்காற்று:
வேண்டாம். பத்ரோனில் தொடர்ந்து 1 வருடம் ஆனபின் கொன்வேனியோ எஸ்பெசியால் என்ற, மாதப் பணம் கட்டி அரசு மருத்துவம் பெறும் ஒப்பந்தத்தில் சேரலாம். 65 வயதுக்குக் கீழ் மாதம் 60 யூரோ, 65 முதல் 157. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் டாக்டர், ஆஸ்பத்திரி உண்டு. மருந்துக்கு மட்டும் மானியம் இல்லை, பார்மசியில் முழு விலை. 67-இல் அவருக்கே பென்ஷன் வந்ததும் சொந்த எஸ்1 எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் கையில் வருமுன் பாலிசியை நிறுத்தாதீர்கள். விசா புதுப்பிப்புக்கு அந்த ஒப்பந்தத்தை ஏற்பார்களா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். பாலிசி தானாக நீளும் வகை, முடியும் தேதிக்கு 1 மாதம் முன்பே எழுத்தில் சொல்லாவிட்டால் அடுத்த வருடப் பணமும் கேட்பார்கள்.

மேசைவிளக்கு:
கிளம்புமுன் பிரிட்டனில் உங்கள் குடும்ப டாக்டரிடம் (ஜிபி) நோய்ச் சுருக்கமும் மருந்துப் பட்டியலும் வாங்கிவிடுங்கள், பிராண்ட் பெயரில் இல்லாமல் வேதிப்பெயரில். லெவோதைராக்ஸின் அங்கே யூதிராக்ஸ் என்ற பெயரிலும் கிடைக்கும். 25, 50, 75, 100 என்று பல அளவுகளில் வரும், பெட்டியில் மைக்ரோகிராமைப் படித்து வாங்க வேண்டும். சுகாதார மையத்தில் முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை 3 மாத மாத்திரை கையில் இருக்கட்டும்.