அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவர் யாராவது தெரியுமா?

நண்பர்களுக்கு வணக்கம். மூன்று வருடமாக வீட்டு மாடியில் வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து, இசைத்தட்டு கேட்பவர்களுக்கு விற்கிறேன். மாதம் ஒன்று முடிந்தாலே பெரிது. ஒவ்வொன்றிலும் இஎல்84 பவர் வால்வு நான்கு, முன்னால் 12ஏஎக்ஸ்7 என்ற சிறு வால்வு இரண்டு, புஷ்-புல் (இரண்டு பவர் வால்வு ஜோடியாக வேலை செய்யும்) ஸ்டீரியோ.

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வரும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை எனக்குச் சுற்றித் தந்த பெரியவர், பார்வை குறைந்து தொழிலை விட்டுவிட்டார். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தேன். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் சரி என்கிறார்கள், அவுட்புட் என்றதும் தயங்குகிறார்கள். வேண்டியது இதுதான்: பிரைமரி (வால்வுப் பக்கச் சுற்று) 8 கிலோ ஓம், அதன் நடுவிலிருந்து வெளியே எடுத்த ஒரு இணைப்பு (டேப்), செகண்டரி (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) 8 ஓம், உள்ளே சிஆர்ஜிஓ என்ற சிலிக்கான் எஃகுத் தகடு. பிரைமரியையும் செகண்டரியையும் பகுதி பகுதியாகப் பிரித்து, மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். போன வாரம் ஒருவர் முழுப் பிரைமரியையும் சுற்றி, அதன் மேல் செகண்டரியைச் சுற்றித் தந்தார். பூட்டிப் பார்த்தேன், வயலின் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மங்கிக் கேட்டது. அதை வாடிக்கையாளருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

கோவை, சேலம், மதுரை, எந்த ஊரானாலும் நேரில் வருகிறேன். முன்பணமும் தருகிறேன்.

அப்புறம் இன்னொன்று. வால்வுகளைக் கழற்றித் தனியாகப் பொதிந்துதான் கூரியரில் அனுப்புகிறேன். ஆனாலும் ட்ரான்ஸ்ஃபார்மர் எடையில் அலுமினிய சேசிஸ் வளைந்துவிடுகிறது. மரப்பெட்டியில் அனுப்புபவர்கள் உள்ளே எப்படி முட்டுக் கொடுக்கிறீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.