இருட்டினால் ஒரு கேமரா மட்டும் அணைகிறது, யாராவது சொல்லுங்களேன்

பாம்பனில் கடலை ஒட்டிய வீடு. நான்கு கேமரா, படத்தைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர் பெட்டி, எல்லாம் நானே மாட்டியது. மூன்றில் குறையில்லை. வலையும் ஐஸ் பெட்டியும் கிடக்கும் கொட்டகைக் கேமராதான் படுத்துகிறது: பகலில் பளிச்சென்று தெரியும், இருட்டி ஐஆர் விளக்கு (இருட்டில் படமெடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரிந்ததும் ‘வீடியோ லாஸ்’. டிவிஆரிலிருந்து 3+1 ஒயர் (படமும் மின்சாரமும் சேர்ந்து போகும் ஒரே ஒயர்) சுமார் 60 மீட்டர் போகிறது. இரவில் கேமரா இருக்கும் நுனியில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்குப் பதில் 9.8தான். பிஎன்சியை (வீடியோ ஒயரை மாட்டும் உலோக முனை) கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கிறது. போன மாதம்தான் புதிதாகப் போட்டேன்! உப்புக்காற்றை என்ன சொல்ல.

கொட்டகையிலேயே தனி அடாப்டர் வைத்தால் போதுமா, இல்லை ஒயரையே மாற்றணுமா? அப்புறம், இணைப்பை மூட டேப், சிலிக்கான், டப்பா, இதில் கடலோரத்தில் உங்களுக்குத் தாங்கியது எது? வாடைக்காற்று தொடங்குமுன் முடிக்கணும்.