சீன சீரியல்: எக்ஸ்டென்ஷன் சீன சப்டைட்டிலைப் பிடிக்க மாட்டேன் என்கிறது

கேள்வி (வெண்மதி_எச்எஸ்கே)
மாண்டரின் படிக்கிறேன், எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் 3-ஆம் நிலைக்குத் தயாராகிறேன். யூடியூபில் அரண்மனைக் கதைகளாகப் பார்க்கிறேன். சப்டைட்டில் சொல்லின் மேல் மவுஸை வைத்தால் பொருள் காட்டும் எக்ஸ்டென்ஷனை பிரவுசரில் போட்டிருக்கிறேன். திரையில் சீன எழுத்து ஓடுகிறது, ஆனால் அது ஆங்கில வரியை மட்டுமே பிடிக்கிறது. நீக்கிவிட்டு மறுபடி போட்டும் அதே கதைதான். ஆங்கிலத்தை அணைத்தால் ஒரு வசனமும் புரிவதில்லை. பாடப் புத்தக ஆடியோ நன்றாகவே புரிகிறது. என்ன செய்யலாம்?

பதில் (பழைய_மாணவன்)
எக்ஸ்டென்ஷன் சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் சீன எழுத்து வீடியோவிலேயே பதிந்தது, கணினிக்கு அது வெறும் படம். சீனாவில் சீரியல்களை இப்படிப் பதித்தே வெளியிடுவது வழக்கம். பேச்சு ஊருக்கு ஊர் மாறினாலும் எழுத்தை எல்லோரும் படித்துவிடுவார்கள். ஆங்கிலம்தான் தனியாக ஏற்றப்படுகிறது.

பல்சக்கரக் குறியைத் தட்டி, சப்டைட்டில் பட்டியலில் சீனம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எக்ஸ்டென்ஷன் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் வீடியோவை நிறுத்தி, போனில் கூகுள் லென்ஸைத் திறந்து திரைக்கு நேரே காட்டுங்கள், படத்திலுள்ள எழுத்தை அது படித்துவிடும். பிளெகோ அகராதியிலும் கேமரா வசதி உண்டு, அதற்குத் தனியாகக் காசு. தைவான் சீரியல் என்றால் கோடுகள் அதிகமுள்ள பழைய வடிவமான மரபெழுத்து வரும், உங்கள் புத்தகத்தில் இருப்பது அதைச் சுருக்கிய எளிய எழுத்தாக இருக்கும். கவனம்.

பதில் (மல்லிப்பூ)
புரியாததற்குக் காரணம் அரண்மனைதான். பேரரசர் தன்னை 'ஜென்' என்பார், அரசி 'பென்கோங்' என்பார். இன்று பெய்ஜிங் கடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "யாரங்கே!" என்று சரித்திரப் படத்தில் கற்றுக்கொண்டு டீக்கடையில் போய் நிற்பது மாதிரி. எச்எஸ்கே 3-இன் பழைய பட்டியலே 600 சொற்கள்தான், அதை வைத்துக்கொண்டு அரசவைச் சூழ்ச்சியைப் பின்தொடர முடியுமா?

2005-இல் வந்த 'ஜியா யோ அர் ந்யூ' என்ற குடும்பச் சீரியலைப் பாருங்கள். மறுமணம் செய்துகொண்ட தம்பதி, மூன்று பிள்ளைகள். பேச்செல்லாம் பள்ளிக்கூடம், மதிப்பெண், சாப்பாடு.

பதில் (தேநீர்_கோப்பை)
மல்லிப்பூ அக்கா சொல்வது பாதிதான் சரி. அந்தக் குடும்பச் சீரியலில் பெய்ஜிங் பேச்சு, சொல் முடிவில் 'ர்' ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தில் 'ஜலீ' (இங்கே) என்று படித்தது 'ஜர்' என்று வரும். பிள்ளைகள் வேகமாகவும் பேசுவார்கள். அரண்மனைக் கதைகளில் பலவற்றுக்கு டப்பிங் குரல், அதனால் உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். காதுக்குப் பயிற்சியாக அதையும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்
பட்டியலில் சீனம் உள்ள ஒரு சீரியல் கிடைத்தது, எக்ஸ்டென்ஷன் வேலை செய்கிறது! நன்றி. அப்புறம், ஆங்கிலத்தை எப்போது அணைப்பது?

பதில் (பழைய_மாணவன்)
முழு எபிசோடுக்கும் அணைக்காதீர்கள், சலித்துப்போகும். கதைக்காக ஒருமுறை ஆங்கிலத்தோடு பார்த்துவிடுங்கள். பிறகு பிடித்த ஒரு காட்சியை, இரண்டு மூன்று நிமிடம் போதும், சீன வரியோடு மட்டும் ஓட்டுங்கள். தெரியாத சொல்லெல்லாம் எடுக்க வேண்டாம், அந்தக் காட்சியிலேயே திரும்பத் திரும்ப வருவதை மட்டும் எடுங்கள். கடைசியாக எழுத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள். பதிந்த எழுத்தை அணைக்க முடியாது, திரையின் அடியில் ஒரு காகிதத்தை ஒட்டிக்கொள்ளுங்கள்.