கடும் ஓட்டத்தில் பிரேக் பேடை எப்போது மாற்ற வேண்டும்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் காரை அன்றாடத் தேவைக்கு ஓட்டுவதுடன், அவ்வப்போது பந்தயத் தடத்துக்கும் கொண்டுசெல்கிறேன். முன்சக்கர பிரேக் பேடுகளில் உராய்வுப் பொருள் 5 மி.மீ. மீதமிருக்கிறது, 3 மி.மீ. ஆகும்வரை கவலையில்லை என்கிறார் மெக்கானிக். ஆனால், சென்ற முறை தடத்தில் சில சுற்றுகள் ஓடியதும் பெடல் தொளதொளவென்று ஆழமாக இறங்கியது, வண்டி ஆறியபின் ஓரளவு சரியாகிவிட்டது. பேடை மாற்ற வேண்டுமா, கோளாறு வேறு எங்காவது இருக்கிறதா?

பதில் 1:
மெக்கானிக் சொன்னது சாதாரண ஓட்டத்துக்குச் சரி, தடத்துக்குப் பொருந்தாது. வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்த பிரேக் உள்வாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதில் பெரும்பகுதியை முன்சக்கர பிரேக்குகளே வெப்பமாகத் தாங்குகின்றன. பேடின் உராய்வுப் பொருள் வண்டியை நிறுத்துவதோடு, டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) சூடு கேலிபருக்குள் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) பாயாமல் தடுக்கும் வேலையையும் செய்கிறது. அது மெலிய மெலிய, சூடு பேடின் பின்னாலுள்ள உலோகத் தகடு (பின்தகடு) வழியாக, அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் விரைவாகப் போய்ச் சேரும். புதிய பேடில் இப்பொருள் பொதுவாக 10 முதல் 12 மி.மீ. வரை இருப்பதால், பாதி தேய்ந்த பேடைத் தடத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. உங்கள் பேடு அன்றாட ஓட்டத்துக்கு இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.

பெடல் இறங்கியதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். பெடல் கல்லைப்போல் இறுகியிருந்தும் வண்டி நிற்க மறுத்தால், பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். உங்களுக்கு நடந்ததோ ஆயில் கொதித்துக் குமிழி விட்டதற்கான அறிகுறி. பிரேக் ஆயில் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 (DOT 4) என்ற தரவகைப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது குறைந்தது 155 டிகிரிதான். ஆகவே பழைய ஆயிலை முழுவதும் வடித்து, காற்றை வெளியேற்றிப் புதிதாக நிரப்பாமல் பேடை மட்டும் மாற்றினால், அதே பெடல் மறுபடியும் இறங்கும்.

பதில் 2:
அந்த 5 மி.மீ. எந்தப் பேடில், எப்படி அளந்தது? சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் வெளிப்புற பேடுதான் தெரியும். நகரும் வகைக் கேலிபரில் உட்புற பேடு பெரும்பாலும் முந்தித் தேயும். பின்தகட்டையும் சேர்த்து அளந்துவிடுவோரும் உண்டு. சக்கரத்தைக் கழற்றி, நான்கு பேடுகளையும் வெளியே எடுத்துப் பாருங்கள். மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கினாலோ, விரிசல் தெரிந்தாலோ, ஓரம் வெளுத்து உதிர்ந்தாலோ, எத்தனை மி.மீ. இருந்தாலும் மாற்றிவிடுவதே முறை. பேடு தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிட்டு எச்சரிக்கும் தகட்டை நம்பவே வேண்டாம். அது டிஸ்க்கைத் தொடும்போது, கடும் ஓட்டத்துக்கான எல்லை எப்போதோ கடந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கழற்றிப் பார்த்தேன். இடப்புற உட்பேடு ஒரு முனையில் 5 மி.மீ., மறுமுனையில் 3 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. மற்றவை ஒரே சீராக இருக்கின்றன. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில் 2:
போதாது. முன் அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் இழுக்கக்கூடும். இவ்வாறு சாய்வாகத் தேய்ந்திருப்பதால் அந்தக் கேலிபர் நகர உதவும் சறுக்கு ஊசிகள் இறுகியிருக்கலாம். அவற்றைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் இடாமல் புதுப் பேடைப் போட்டால் அதுவும் இப்படியே தேயும். கூடவே டிஸ்க்கின் தடிமனையும் அளந்து, அதன்மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 1:
இன்னொன்று. புதுப் பேடை மாட்டியவுடன் தடத்தில் இறங்க வேண்டாம். பேடைத் தயாரித்தவர் சொன்ன முறைப்படி, வண்டியை முழுவதும் நிறுத்தாமல் படிப்படியாகப் பிரேக் பிடித்துப் பதப்படுத்தி, நன்றாக ஆறவிடுங்கள். தடத்தில் கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். சூடு தணியும்வரை கைப்பிரேக்கைப் போடாமல், வண்டியைக் கியரில் விட்டு நிறுத்துங்கள்.