உதவி: மகன் ரயில் டிக்கெட்டில் மாட்டிக்கொண்டான், கேஸ் போடுவார்களா? அவசரம்

மிட்ராண்ட் மணி | செவ்வாய், இரவு 11:40
வணக்கம். பெரியவன் ரயிலில் போகும்போது பரிசோதகர் பிடித்துவிட்டார். டிக்கெட் இருக்கிறது, இல்லாமல் ஏறவில்லை. ஆனால் செல்லாது என்று சொல்லிப் பெயர், முகவரி எல்லாம் எழுதிக்கொண்டு போனாராம். இப்போது கடிதம் வந்திருக்கிறது. வழக்குத் தொடர யோசிக்கிறோம், உன் தரப்பைச் சொல் என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. அவன் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பணத்தைக் கட்டி முடித்துவிடலாமா? வக்கீல் வைக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சென்டூரியன் சுகந்தி | இரவு 11:52
மணி அண்ணா, எந்த ரயில்? டிக்கெட் ஏன் செல்லாது என்றார்கள்? பையனுக்கு வயது என்ன? கடிதம் போலீஸிடமிருந்தா, ரயில்காரர்களிடமிருந்தா? இதெல்லாம் தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ரயில்பித்தன் | இரவு 11:58
நான் அடித்துச் சொல்வேன், இது நுழைவுக் கதவு இயந்திரத்தின் கோளாறு. உள்ளே போகும்போது கார்டைத் தட்டியது பதிவாகியிருக்காது. கேமரா பதிவைக் கேட்டு உடனே எழுதுங்கள், சில வாரங்களில் அழித்துவிடுவார்கள். எனக்கே இரண்டு தடவை நடந்திருக்கிறது.

சாட்ஸ்வொர்த் தாத்தா | புதன், காலை 5:15
தம்பி, நான் டர்பன் பக்கம். தமிழ் எழுத்து வயதான பிறகு படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நம்ம தென்னாப்பிரிக்காவில் கொடுக்கும் ஜே 534 என்ற கோர்ட் நோட்டீஸ் தாளைக் கையில் கொடுத்தார்களா? அதில் ஒரு தொகை போட்டு, இதைக் கட்டினால் கோர்ட்டுக்கு வர வேண்டாம் என்று இருக்கும். எல்லாரும் சந்தோஷமாகக் கட்டிவிடுவார்கள். அது சாதாரண அபராதம் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொள்வது. என் தங்கை மாப்பிள்ளை அப்படித்தான் ஒரு சின்னத் தகராறுக்குக் கட்டினார். பல வருஷம் கழித்து வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்டபோதுதான் பேரில் குற்றப் பதிவு இருப்பதே தெரிந்தது. அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் அரசு சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. அரசு வழக்கறிஞரிடம் எழுதிக் கேட்டு வழக்கைக் கைவிடச் சொல்லவும் வழி உண்டு.

சென்டூரியன் சுகந்தி | காலை 7:30
தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு. மணி அண்ணா, அந்தத் தாளில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 56 என்று இருக்கிறதா பாருங்கள்.

கோவைக்குசும்பன் | காலை 8:04
இந்த நாட்டில் நம்ம ஆட்களுக்கும் ரயிலுக்கும் ராசியே இல்லை. காந்தியையே இறக்கிவிட்ட ஊர்.

மிட்ராண்ட் மணி | மதியம் 1:10
எல்லாருக்கும் நன்றி. மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போச்சு. பையன் இங்கே இல்லை. இங்கிலாந்தில் படிக்கிறான், லீட்ஸ். நான்தான் ஜோகன்னஸ்பர்க். வயது 21. ரயில்கார்டு தேதி முடிந்துவிட்டதாம், அவன் கவனிக்கவில்லை.

ரயில்பித்தன் | மதியம் 1:14
அட!

சட்டப்புள்ளி | மதியம் 1:45
நாட்டின் பெயரை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் தாத்தா காலை ஐந்து மணிக்கு எழுந்து இவ்வளவு தட்டச்சு செய்திருக்க வேண்டாம். நான் பர்மிங்ஹாமில் ஒன்பது வருஷம் இருந்தவன். இந்த மாதிரி கேள்விக்குப் பதில் எழுதி எழுதி எனக்கு விரல் தேய்ந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம்தான் இங்கே யாருக்கும் கிடையாதே. இருக்கட்டும்.

16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கான ரயில்கார்டைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வருஷத்துக்கு 35 பவுண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. கார்டு காலாவதியானால் அந்தத் தள்ளுபடியில் வாங்கிய டிக்கெட்டும் செல்லாது. ஆகவே ‘டிக்கெட் இருக்கிறது’ என்பது வாதமே இல்லை.

கேள்விகள்: கார்டு முடிந்து எத்தனை மாதம்? அதற்குப் பிறகு எத்தனை பயணம்? பரிசோதகர் கேட்டபோது என்ன சொன்னான்? கடிதத்தின் தேதி என்ன, பதில் கொடுக்க எத்தனை நாள்? என்ன படிப்பு? பிடிபட்டது இங்கிலாந்துக்குள்தானா, ஸ்காட்லாந்து போகும் வழியிலா? அங்கே முறை வேறு.

கறிவேப்பிலை | மதியம் 2:20
இதற்கா இவ்வளவு? கார்டை வீட்டில் மறந்துவிட்டேன் என்று எழுதச் சொல்லுங்கள். மறந்தவர்களுக்குப் பணம் திருப்பித் தரும் சலுகை இருக்கிறது, என் மகள் வாங்கியிருக்கிறாள்.

சட்டப்புள்ளி | மதியம் 2:31
அம்மா, அந்தச் சலுகை செல்லுபடியாகும் கார்டு வைத்திருந்து, கையில் எடுத்துவர மறந்தவர்களுக்கு. காலாவதியான கார்டுக்கு அப்படி எழுதினால் பொய். கையெழுத்துப் போட்டுப் பொய்யைக் கொடுத்தால் ஏமாற்றும் எண்ணத்துக்கு நாமே சாட்சி தயார் செய்த மாதிரி. தயவுசெய்து இந்த மாதிரி ஆலோசனை வேண்டாம்.

கறிவேப்பிலை | மதியம் 2:35
தெரிந்ததைச் சொன்னேன். இவ்வளவு கோபம் எதற்கு?

ஹைவெல்ட் ராஜா | மாலை 4:02
மணி சார் கவலையே படாதீர்கள். 2024 ஆகஸ்டில் லண்டனில் தலைமை மாஜிஸ்திரேட் ரயில் வழக்குகள் 74,000 செல்லாது என்று தள்ளிவிட்டார். பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதைக் காட்டி ஒரு கடிதம் போட்டால் அடங்கிவிடுவார்கள்.

சட்டப்புள்ளி | மாலை 4:40
தலைப்பை மட்டும் படித்தால் இதுதான் வரும். அங்கே ஒற்றை நீதிபதி முன் காகிதத்திலேயே முடிக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. 1889-ம் வருஷ ரயில்வே சட்டப்படியான வழக்குகளை அந்த வழியில் நடத்த ரயில் கம்பெனிகளுக்கு அதிகாரம் இல்லை, இருந்தும் நடத்தினார்கள். அதனால் அந்த வழக்குகள் செல்லாமல் போயின. குற்றம் குற்றமாகத்தான் இருக்கிறது. முறைப்படி சம்மன் அனுப்பி வழக்குப் போடத் தடையில்லை. ரயில் கம்பெனியே வழக்குப் போடும் நாடு அது.

காந்திநேசன் | மாலை 5:15
மேலே காந்தியை இழுத்தவருக்கு: 1893 ஜூன் 7 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறக்கிவிடப்பட்டபோது அவர் கையில் முறையான முதல் வகுப்பு டிக்கெட் இருந்தது. நிறத்துக்காக இறக்கினார்கள். காலாவதியான தள்ளுபடிக் கார்டோடு அதை ஒப்பிடாதீர்கள்.

கோவைக்குசும்பன் | மாலை 5:20
விளையாட்டாகச் சொன்னதுங்க. வேண்டுமானால் தில்லையாடி வள்ளியம்மையைச் சொல்லட்டுமா? அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஜெயிலுக்குப் போனவர்.

காந்திநேசன் | மாலை 5:26
அதுவும் தப்பு. அவர் பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில், 1898-ல். தில்லையாடி குடும்பத்தின் பூர்வீக ஊர்.

சாட்ஸ்வொர்த் தாத்தா | மாலை 6:40
அது சரி. அந்தப் பெண் மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் இருந்து நோயோடு வெளியே வந்தது. 1914 பிப்ரவரி 22, பிறந்த நாளும் அதே 22, அன்றைக்குத்தான் இறந்தது. பதினாறு வயது. சமாதி பிராம்ஃபோன்டைனில் இருக்கிறது, ஒரு தடவை போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன். மணி தம்பி வீட்டிலிருந்து ரொம்ப தூரம் இல்லை.

கோவைக்குசும்பன் | மாலை 6:48
இதே ஊரில் ஆறு வருஷமாக இருக்கிறேன், சமாதி இங்கே இருப்பது தெரியாது. காந்திநேசன் சார், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சென்டூரியன் சுகந்தி | மாலை 6:55
வரலாற்றுக்குத் தனி இழை போடுங்களேன். பாவம் மணி அண்ணா.

மிட்ராண்ட் மணி | இரவு 9:30
சட்டப்புள்ளி சார், கார்டு முடிந்து ஐந்து மாதம். ஒரு தடவைதான் என்றான். அவன் அம்மா போனை வாங்கிக் கேட்டதும் பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும் என்றான். எல்லாம் செயலியில் வாங்கியது. பரிசோதகரிடம் ‘புதுப்பித்துவிட்டேன், இன்னும் காட்டவில்லை’ என்று சொல்லிவிட்டானாம். கடிதத்தில் 14 நாள் கொடுத்திருக்கிறார்கள், அதில் 10 நாள் போய்விட்டது, இவ்வளவு நாளும் மறைத்து வைத்திருக்கிறான். பிடிபட்டது லீட்ஸிலிருந்து யார்க் போகும்போது. படிப்பு பார்மசி.

சட்டப்புள்ளி | இரவு 10:05
இப்போது விஷயம் புரிகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பரிசோதகரிடம் சொன்ன அந்த ஒரு வரிதான் உங்கள் தலைவலி. அவர் அதைக் குறித்துவைத்திருப்பார். 1889-ம் வருஷச் சட்டத்தின் 5-ம் பிரிவுப்படி கட்டணத்தைத் தவிர்க்கும் எண்ணம் இருந்தது என்று காட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. முதல் தடவை மாட்டிய மாணவன் விஷயத்தில் நான் சிறைக்குப் பயப்பட மாட்டேன். குற்றப் பதிவுக்குத்தான் பயப்படுவேன். பார்மசிக்காரனுக்கு அது இன்னும் கஷ்டம், தொழிலில் பதிவு செய்யும்போது தண்டனை விவரத்தைச் சொல்லியாக வேண்டும். விசா விண்ணப்பத்திலும் கேட்பார்கள். இன்னொரு வழி ரயில்வே துணைவிதி 18. அதில் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, செல்லும் டிக்கெட் இல்லை என்றாலே போதும், ஆனால் அபராதத்தோடு போகும்.

ரயிலிலேயே 100 பவுண்டும் கட்டணமும் என்று ஒரு தண்டக் கட்டணம் உண்டு, 21 நாளில் கட்டினால் 50. அது கொடுத்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். உங்களுக்குக் கொடுக்கவில்லை, கடிதம்தான் வந்திருக்கிறது. ஆகவே குறிக்கோள் ஒன்றே ஒன்று: கோர்ட்டுக்குப் போகாமல் கம்பெனியோடு பணம் கட்டித் தீர்த்துக்கொள்வது. அது தண்டனை ஆகாது. கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் கிடையாது, ஆனால் முதல் தடவை, உண்மையைச் சொன்னவன் என்றால் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

பையனே எழுதட்டும், நீங்கள் எழுதினால் நடை காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கம் போதும். கார்டு முடிந்ததைக் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. பரிசோதகரிடம் பதறிப்போய்ச் சொன்னது தவறு, வருந்துகிறேன். குறைத்துக் கொடுத்த கட்டணத்தையும் உங்கள் செலவையும் கட்டத் தயார். அவ்வளவுதான். ஒரு தடவைதான் என்று மட்டும் எழுதவே கூடாது, செயலியில் வாங்கிய பட்டியலை அவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்க முடியும். அம்மாவின் கண்ணீர், பரீட்சைச் சுமை, இயந்திரக் கோளாறு எதுவும் வேண்டாம். புதுக் கார்டு இன்றே வாங்கி அந்த ரசீதையும் இணைக்கட்டும். அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ளட்டும். அனுப்பும் முன் பல்கலைக்கழக மாணவர் சங்கத்து ஆலோசனை மையத்தில் காட்டட்டும், இலவசம்தான். சம்மன் என்று ஒன்று வந்தால் அன்றைக்கே வக்கீல்.

ரயில்பித்தன் | இரவு 10:20
இயந்திரக் கோளாறு வேண்டாம் என்றது எனக்கா?

சட்டப்புள்ளி | இரவு 10:22
ஆமாம்.

சாட்ஸ்வொர்த் தாத்தா | வியாழன், காலை 5:05
பையனைத் திட்டாதே தம்பி. பத்து நாள் தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறான்.

மிட்ராண்ட் மணி | ஏழு வாரம் கழித்து
தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலை அதிகம். கம்பெனி ஒத்துக்கொண்டது. எல்லாப் பயணத்துக்கும் கட்டணமும் அவர்கள் செலவும் சேர்த்து 312 பவுண்டு, ராண்டில் கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது. கோர்ட் இல்லை. போன ஞாயிறு பிராம்ஃபோன்டைன் போய் வந்தோம். எல்லாருக்கும் நன்றி.

ஹைவெல்ட் ராஜா | அன்று மாலை
நல்ல செய்தி சார். பையன் எழுதிய கடிதத்தைப் பெயரை மறைத்துவிட்டு இங்கே போட முடியுமா? என் அக்கா பையனுக்கும் அதே மாதிரி ஒன்று வந்திருக்கிறது.

ஹைவெல்ட் ராஜா | இரண்டு வாரம் கழித்து
மணி சார்?