டிசம்பர் விடுமுறைக்குப் பனிமலை: முழங்கால் வலி அம்மா, இரண்டு பிள்ளைகள். எந்த ஸ்கீ ரிசார்ட் போகலாம்?

பிறை அப்பா:
வணக்கம். மலேசியாவில் பினாங்கு, பிறையில் இருக்கிறோம். நான், மனைவி, மகள் (11), மகன் (6), அம்மா (67) என்று ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. நடப்பார், படிக்கட்டைப் பார்த்தால் முகம் சுருங்கிவிடும். சுத்த சைவம் வேறு. எங்களில் யாருக்கும் ஸ்கீ தெரியாது. ஆண்டிறுதி விடுமுறையில் 6 இரவு தங்கி, பிள்ளைகளாவது கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பயண நிறுவனத்தின் பேக்கேஜில் கொரியா போய்ச் சூடு பட்டுக்கொண்டோம். தங்கியது சியோலில், ஸ்கீ ஒரு நாள் மட்டும். விடியற்காலை பஸ் ஏறியும் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. ஜாக்கெட்டுக்கு ஒரு வரிசை, பூட்ஸுக்கு இன்னொரு வரிசை. மகன் காலில் பூட்ஸை மாட்டி முடிக்கும்போது பன்னிரண்டு. மூன்று மணிக்கு பஸ் கிளம்பிவிடும் என்றார் வழிகாட்டி. மகன் கையுறை நனைந்து அழ, அம்மா நாலு மணி நேரம் உணவு மண்டபத்தில் ஒரே காப்பியோடு உட்கார்ந்திருந்தார். "இதுக்கு கெந்திங்குக்கே போயிருக்கலாம்" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

இந்த முறை நானே பதிவு செய்யப் போகிறேன். ஜப்பானில் நிசேகோ, ஹக்குபா, காலா யுசாவா என்று வீடியோ பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் டிக்கெட் மலிவாக இருக்கிறது. எடுத்துவிடட்டுமா?

செந்தூல்காரன்:
அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். அந்த டிக்கெட் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. காலா யுசாவா வழக்கமாக டிசம்பர் நடுவுக்கு மேல்தான் திறக்கும். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் சில மலைகள் நவம்பர் கடைசியிலேயே திறந்துவிடும், ஆனால் அப்போது பனி உச்சிப் பக்கம்தான் தேறும். அடிவாரத்தில் மெலிசாகக் கிடக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு வேலையே அடிவாரத்தில்தானே? கிறிஸ்துமஸ் நெருங்கினால் அறை விலை எகிறும். அதனால் 15ஆம் தேதிக்கு மேல், 23க்குள் என்று பாருங்கள்.

நல்ல பனி என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. ஆனால் பள்ளி தொடங்கியிருக்கும், தைப்பூசமும் அந்தப் பக்கம்தான் வரும். அம்மா தண்ணீர்மலை முருகனை விட்டுவிட்டு வருவாரா என்ன!

கிள்ளான் மாமா:
ஏன் ஜப்பான், கொரியா என்று அலைகிறீர்கள்? காஷ்மீர் குல்மார்க் போங்கள். சப்பாத்தி, பருப்பு, சைவச் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. செலவும் பாதி.

சுபாங் அக்கா:
மாமா, குல்மார்க் அழகு என்பதில் மறுப்பில்லை, நானே போயிருக்கிறேன். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அது வேண்டாம். அங்கே அடிவாரமே ஏறக்குறைய 2,650 மீட்டர். நம் கெந்திங் 1,800 மீட்டர்தான், அதிலேயே சிலருக்குக் காது அடைக்கிறது. குல்மார்க் கோண்டோலாவின் (கம்பிவட வண்டி) இரண்டாம் கட்டம் 3,900 மீட்டரையும் தாண்டும். 67 வயதுக்காரர், 6 வயதுப் பையன், வெயிலிலேயே வளர்ந்த உடம்பு. தலைவலியும் மூச்சு வாங்கலுமாக இரண்டு நாள் போய்விடும்.

நிசேகோ மலையின் உச்சியே 1,308 மீட்டர்தான். சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஹொக்கைடோ மலைகளில் கொட்டுகிறது. உயரத்துக்குப் போகாமலே இடுப்பளவு பனி கிடைப்பது அதனால்தான்.

தம்பி, உங்கள் கொரியா கதைக்கு வருகிறேன். தப்பு கொரியாவில் இல்லை, நீங்கள் மலையிலேயே தங்காததுதான் தப்பு. 2018 குளிர்கால ஒலிம்பிக் நடந்த யோங்பியோங்கில் தங்கியிருந்தால் அதே கொரியா உங்களுக்குப் பிடித்திருக்கும். அங்கே பனியில் பெரும் பங்கு இயந்திரம் ஊதுவது, அதுவும் கற்றுக்கொள்ளப் போதும். ஆகவே வீடியோவில் மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வரைபடத்தைத் திறங்கள். படுக்கையிலிருந்து லிஃப்ட் (சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட இருக்கை) எத்தனை அடி, பயிற்சிப் பள்ளி எங்கே, வாடகைக் கடை எங்கே, இந்த மூன்றையும் பாருங்கள். அம்மா பேரப்பிள்ளைகளைக் கண்ணாடிச் சன்னலோரம் உட்கார்ந்து பார்க்க முடிய வேண்டும். பிள்ளைக்குக் குளிரெடுத்தால் ஐந்து நிமிடத்தில் அறைக்குத் திரும்ப முடிய வேண்டும்.

அந்தக் கணக்கில் எனக்குத் தோன்றுவது ஹொக்கைடோவில் உள்ள ருசுட்சு. ஹோட்டலுக்கு வெளியே வந்தாலே சறுக்குமலை. உள்ளே இரண்டடுக்குக் குதிரை ராட்டினம்கூட உண்டு, உங்கள் மகன் ஸ்கீயையே மறந்துவிடுவான். கேஎல்லிலிருந்து சப்போரோவின் நியூ சித்தோசே விமான நிலையத்துக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போல. அதே தீவில் தோமாமுவும் நல்லது. ரயில் நிலையம் பக்கத்திலேயே, உள்ளரங்க அலைக்குளமும் இருக்கிறது. அங்குள்ள கிளப் மெட் விடுதியில் லிஃப்ட் சீட்டும் குழுப் பயிற்சியும் கட்டணத்திலேயே அடங்கும், ஸ்கீ வாடகை மட்டும் தனி. பணம் கொஞ்சம் கனமாகக் கேட்கும்.

நிசேகோ பெரிய இடம். ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள் ஏராளம். நாலு ரிசார்ட் ஒரே மலையில், அதில் நிசேகோ வில்லேஜ் நம்மூர் ஒய்டிஎல் நிறுவனத்துடையது. ஆனால் அங்குள்ள ஹிராஃபு பக்கம் மலிவான அறை என்று எடுத்தால் பனி உறைந்த சரிவில் ஏறி இறங்க வேண்டும். அந்த முழங்காலுக்கு ஆகாது. ஹக்குபாவிலும் இதே பாடு, ரிசார்ட்டுகள் பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

செந்தூல்காரன்:
அக்கா காலா யுசாவாவை விட்டுவிட்டார். டோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். ரயில் நிலையக் கட்டடத்திலேயே வாடகை, லாக்கர், கோண்டோலா எல்லாம். ஒருநாள் விளையாட்டுக்கு அதை அடிக்க ஆளில்லை.

சுபாங் அக்கா:
ஒருநாள் விளையாட்டில்தானே அவர் சூடு பட்டார்! நீங்களும் நானும் என்றால் காலா சரி.

பிறை அப்பா:
அக்கா, "படுக்கையிலிருந்து லிஃப்ட் எத்தனை அடி" என்றதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். கொரியாவுக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றாள். ருசுட்சு என்றே வைத்துக்கொள்கிறேன். பயிற்சி எப்படி எடுப்பது? துணிமணி இங்கேயே வாங்குவதா? அம்மா சாப்பாடு?

சுபாங் அக்கா:
பயிற்சியைக் காலையில் வையுங்கள். டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே சூரியன் போய்விடும். ஆங்கிலப் பயிற்றுநர் வேண்டுமென்றால் அறையோடு சேர்த்து இப்போதே பதியுங்கள், ஆண்டிறுதியில் கிடைக்காது. ஸ்னோபோர்டு வேண்டாம், முதல் தடவைக்கு ஸ்கீதான் சுலபம். வரைபடத்தில் பச்சைக் கோடு தொடக்கநிலை, சிவப்பு நடுத்தரம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. பச்சையைத் தாண்டாதீர்கள்.

சாப்பாட்டில்தான் கவனம். ஜப்பானில் மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு எல்லாவற்றிலும் மீன் சாறு ஒளிந்திருக்கும். இறைச்சி இல்லை என்று சொன்னால் போதாது, மீன் சாறும் கூடாது என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இங்கிருந்து ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டுபோங்கள். இறைச்சி சேர்த்த எதையும் உள்ளே விடமாட்டார்கள், மெகி பாக்கெட்டாக இருந்தாலும் பொருளடக்கத்தைப் படித்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது.

பட்டர்வொர்த் அக்கா:
துணிக்கு: ஜாக்கெட், சறுக்குக் கால்சட்டை, பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். கையுறை, பனிக்கண்ணாடி, குல்லாய் பல இடங்களில் வாடகைக்குத் தரமாட்டார்கள், அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு ஜோடி நீர்புகாக் கையுறை. பண்டல் கடையில் (பழைய துணிக்கடை) குளிர் ஆடை நல்லதாகவே கிடைக்கும், வெட்கப்படாதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை, இரண்டு போட்டால் இறுக்கி விரல் மரத்துப்போகும். அம்மாவின் காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை ஒன்று கட்டாயம்.

காப்புறுதி எடுக்கும்போது ஸ்கீ விபத்தும் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதியில் அது விடுபட்டிருக்கலாம்.

பிறை அப்பா:
எல்லாருக்கும் நன்றி. டிசம்பர் 16லிருந்து ருசுட்சுவில் 4 இரவு, சப்போரோவில் 2 இரவு என்று பதிவு செய்துவிட்டேன். முதல் இரண்டு நாள் காலைப் பயிற்சி. மீன் சாறு பற்றி ஹோட்டலுக்கு எழுதியாகிவிட்டது. அம்மா இப்போதே சின்ன அரிசிக் குக்கரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

செந்தூல்காரன்:
அண்ணே, அந்தக் குக்கரை வெளியே எடுங்கள்! ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 240. அதை அங்கே செருகினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சூடுதான் வரும், அரிசி வேகாது. இரண்டு மின்னழுத்தத்துக்கும் ஒத்துவரும் பயணக் குக்கர் கடையில் இருக்கிறது. அதற்கும் முன்னால், அறையில் சமைக்க விடுவார்களா என்று ஹோட்டலிடம் கேட்டுவிடுங்கள்.

பிறை அப்பா:
கேட்டுவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லும் வேலையை மட்டும் மனைவிக்குத் தள்ளிவிட்டேன்.