மண்ணைக் கருவாடாக்கிய சித்தப்பா

குழு: கொய்யாத் தோட்டத்துக் குடும்பம்

சித்தப்பா: ஆயக்குடித் தோட்டத்தில் இன்னும் நான்கு மரம் வாடிவிட்டது. இலையெல்லாம் செம்பு நிறம். பரிசோதனை முடிவும் வந்தது பாப்பா, மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழு இல்லையாம்.

அத்தை: யூரியா போட்டாயா தம்பி?

சித்தப்பா: இரண்டு தடவை போட்டாச்சு அக்கா. தண்ணீரும் குறைவில்லை.

பாப்பா: சித்தப்பா, மண்ணை எப்படி எடுத்தீர்கள்?

சித்தப்பா: போன வருஷம் தழை, மணி, சாம்பல் சத்து பார்க்க எடுத்த மாதிரிதான். செத்த மரத்தடியில் எடுத்து, பேப்பரில் பரப்பி, இரண்டு நாள் காய வைத்து, சலித்து அனுப்பினேன்.

பாப்பா: போச்சு! மண்ணைக் கருவாடாக்கி அனுப்பிவிட்டீர்களே 😄

பாப்பா: சத்து பார்க்கிற மண் காயலாம். இது உயிரோடு போக வேண்டும். மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடித்து, மிஞ்சியதை டிஷ்யூ பேப்பரில் வைத்து, அடியில் தண்ணீர் தொடும்படி ஓரிரு நாள் விடுவார்கள். உயிருள்ள புழு நெளிந்து தண்ணீரில் இறங்கும். அதைத்தான் மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவது. செத்தது எப்படி இறங்கும்?

சித்தப்பா: வெறும் கண்ணில் தெரியாதா?

பாப்பா: மண்ணில் இருக்கும் குஞ்சுப் புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பாதி வாடிய மரத்தடியில் மெல்லிய வேரைத் தோண்டிப் பாருங்கள். செத்த மரம் வேண்டாம். வேர் அழுகிவிட்டால் புழுவுக்கும் சாப்பாடு இல்லை.

சித்தப்பா: 📷 இஞ்சி மாதிரி வீங்கிக் கிடக்கிறது!

மாமா: உளுந்து வேரிலும் முடிச்சு உண்டே, அது நல்லதுதானே?

பாப்பா: அது வேர்மேல் ஒட்டியிருக்கும் மாமா, நகத்தால் தேய்த்தால் உதிரும். இது வேரே வீங்கியது, உதிராது.

பாப்பா: சித்தப்பா, வாடத் தொடங்கிய ஏழெட்டு மரத்தடியில் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, அரையடி முதல் ஓரடி ஆழத்தில் எடுங்கள். கலந்து கால் கிலோ, கூடவே ஒரு பிடி மெல்லிய வேர். கவரில் ஈரத்தோடு கட்டி, நிழலில் வையுங்கள்.

சித்தப்பா: சரி. ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

பாப்பா: ஐயோ, வெளியே எடுங்கள்! உறைந்தாலும் செத்துவிடும்!!

அத்தை: காய வைத்தாலும் குற்றம், குளிர வைத்தாலும் குற்றம். மருமகனைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை நான்.

(பன்னிரண்டு நாள் கழித்து)

சித்தப்பா: புது மண்ணுக்கு முடிவு வந்தது. வேர்முடிச்சு நூற்புழுவேதான். அதில் என்டரோலோபி என்ற இனமாம்.

பாப்பா: நம் பக்கத்துக் கொய்யாவை வாட்டுவது அதுதான். அடியோடு ஒழியாது சித்தப்பா, குறைக்கலாம். பர்பியூரியோசிலியம் என்ற பூஞ்சையைத் தொழு உரத்தில் கலந்து வேர்ப்பகுதியில் வையுங்கள். ஊடுபயிராகச் செண்டுமல்லி நல்லது. தக்காளி, கத்திரி மட்டும் வேண்டாம். அப்புறம், கன்று வாங்கும்போது கவரைக் கிழித்து வேரைப் பார்த்தீர்களா?

சித்தப்பா: இலையைத்தான் பார்த்தேன்.

அத்தை: தம்பி, எனக்கு இரண்டு கன்று கொடுத்தாயே, அது எந்த நர்சரி?

சித்தப்பா: அதே நர்சரிதான் அக்கா.

அத்தை: கடப்பாரை எடுக்கப் போகிறேன்.